இதைப் பொம்மை என்று எழுதாதீர்கள்

இந்தியச் சுங்க வரிப் பட்டியலில் 9503 என்று ஒரு தலைப்பு உண்டு. குழந்தைகளின் மூன்று சக்கர சைக்கிள், பெடல் கார், பொம்மை, பொம்மையை உட்காரவைத்துத் தள்ளும் வண்டி, புதிர் விளையாட்டு எல்லாம் அதற்குள் அடக்கம். அவற்றோடு சேர்த்து ஸ்கேல் மாடல்களையும் அதே தலைப்பில் போட்டு வைத்திருக்கிறார்கள். 2020 பிப்ரவரி பட்ஜெட்டில் இந்தத் தலைப்புக்கான அடிப்படைச் சுங்க வரி 20 சதவீதத்திலிருந்து 60 சதவீதமாக ஏறியது. 2023இல் 70 ஆனது. வர்த்தக ஒப்பந்தச் சலுகை ஏதும் இல்லாமல் ஒரு வியாபாரி 2,000 ரூபாய் மதிப்புள்ள, உதிரிகளாக வந்து நாமே கட்ட வேண்டிய கார் கிட் ஒன்றை இறக்கினால் சுங்கம் மட்டும் 1,400 ரூபாய். ஜிஎஸ்டியும் கடைக்காரர் லாபமும் அதற்கு மேல்.

பொம்மைக்கு வரி போட்டதில் எனக்குப் புகார் இல்லை. சென்னபட்டணாவிலும் கொண்டபள்ளியிலும் தஞ்சாவூரிலும் பொம்மை செய்கிறவர்கள் நன்றாகப் பிழைக்க வேண்டும். பச்சைக் குழந்தை வாயில் வைக்கும் பொருளில் என்ன சாயம் இருக்கிறது என்று அரசு சோதிக்கத்தான் வேண்டும். ஆனால் ஒரு ஸ்போர்ட்ஸ் காரை 24இல் ஒரு பங்காகச் சுருக்கி, அதன் உதிரிகளை ஒவ்வொன்றாக அரம் போட்டுத் தேய்த்து, ஒட்டி, சாயம் ஏற்றி முடிக்கிற வேலை வேறு இனத்தைச் சேர்ந்தது. அது கைத்தொழில். ஆயுளின் பெரும்பகுதியை டூல் ரூமில் கழித்தவன் என்கிற முறையில் இதை அடித்துச் சொல்கிறேன்.

என் அப்பா கும்பகோணத்திலிருந்து ஸ்டெனோ வேலைக்காகக் கல்கத்தா வந்தவர். லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் வளர்ந்தேன். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறேன். ஹவுராவில் ஒரு தொழிற்சாலையில் பிரஸ் டூலும் வார்ப்பு அச்சும் செய்தேன். ஓய்வுக்குப் பிறகு பின்பக்க வராந்தாவில் ஒரு மேஜை, ஒரு வைஸ், ஒரு சின்ன கம்ப்ரஸர், ஒரு ஏர்பிரஷ். அங்கே கார்கள் உருவாகின்றன.

வேலை எப்படிப்பட்டது என்று தெரிந்தால்தான் நான் கேட்பது புரியும். ஜாகுவார் இ-டைப்பை எடுத்துக்கொள்வோம். 1961 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் வெளியான கார். அசலின் நீளம் ஏறக்குறைய 4.45 மீட்டர். 1/24இல் அது பதினெட்டரை சென்டிமீட்டர். அசலில் 15 அங்குல விட்டமுள்ள கம்பிச் சக்கரம், மாடலில் 16 மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். அதற்குள் 72 ஆரங்கள் நிற்க வேண்டும். ஒவ்வோர் ஆரமும் 0.2 மில்லிமீட்டருக்கு மேல் போனால் சக்கரம் கண்ணுக்குப் பொய்யாகத் தெரியும். கிட்டில் வரும் பிளாஸ்டிக் சக்கரத்தில் ஆரங்கள் எப்போதும் அதைவிடத் தடிமன்தான். தயாரிப்பாளரைக் குறை சொல்ல முடியாது. உருகிய பிளாஸ்டிக் அவ்வளவு குறுகிய இடுக்கில் கடைசிவரை ஓடி நிரம்பாது. நிரம்பினாலும் அச்சிலிருந்து கழற்றும்போது முறிந்துவிடும். அதனால் அந்தச் சக்கரத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, பித்தளையில் ஒரு ஜிக் கடைந்து, அதன்மேல் மெல்லிய கம்பியை முன்வரிசை, பின்வரிசை என்று குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டுகிறேன். கொல்கத்தாவின் சாந்தினி சௌக் மார்க்கெட்டில் மோட்டார் ரீவைண்டிங் கம்பி எடைக்குக் கிடைக்கும். வெளிநாட்டில் இதற்கென்றே மெல்லிய உலோகத் தகட்டை அமிலத்தில் அரித்துத் தயாரித்த ஆரங்கள் விற்கிறார்கள். அவையும் நன்றாகவே இருக்கும். ஆனால் கம்பியில் கட்டிய சக்கரத்தில்தான் ஆரங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி இறங்கும் ஆழம் தெரியும்.

இ-டைப்பின் பானெட் முழுதாக முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும். திறந்தால் உள்ளே ஆறு சிலிண்டர் எக்ஸ்கே இன்ஜின், பளபளக்கும் இரண்டு கேம் மூடிகள், பக்கவாட்டில் மூன்று எஸ்யூ கார்புரேட்டர்கள். கிட் தருவது இவற்றின் உருவத்தை மட்டும்தான். ஸ்பார்க் பிளக் வயர், பெட்ரோல் குழாய், ஆக்ஸிலரேட்டர் கம்பி எதுவும் அதில் வராது. அசலின் சர்வீஸ் கையேட்டைப் பார்த்து, எந்தக் குழாய் எங்கே புறப்பட்டு எங்கே போய்ச் சேர்கிறது என்று வரைந்துகொண்டு, 0.3 மில்லிமீட்டர் துரப்பணத்தைக் கையால் சுழற்றித் துளை போட்டு ஒவ்வொன்றாகச் செருகவேண்டும். பாதி வேலையில் ஒரு கார் எப்படி ஓடுகிறது என்பதே கைக்குப் பிடிபட்டுவிடும். கார்புரேட்டரைப் பற்றி வகுப்பில் கேட்டவனைவிட, அதற்குப் பெட்ரோல் குழாய் மாட்டியவனுக்கு அது நன்றாகத் தெரியும்.

பிறகு சாயம். இங்கேயும் கணக்குதான். 0.1 மில்லிமீட்டர் கனத்துக்குப் பூசிய சாயம், 1/24 மாடலில், அசல் காரின்மேல் 2.4 மில்லிமீட்டர் பூசியதற்குச் சமம். 1/43இல் 4.3 மில்லிமீட்டர். கதவு இடுக்கெல்லாம் அடைத்துக்கொண்டுவிடும். அதனால் முதலிலேயே இடுக்குகளைக் கூரான ஊசியால் ஆழப்படுத்தி வைத்து, லேக்கரை நன்றாக நீர்க்கவிட்டு, மெல்லிய பூச்சுகளாக ஏற்றி, ஒவ்வொன்றுக்கும் நடுவில் காயவிட்டு, 2000 நம்பர் தாளில் தண்ணீர் தொட்டுத் தேய்க்க வேண்டும். கொல்கத்தாவில் இதற்கு ஒரு கூடுதல் சோதனையும் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர்வரை காற்றில் ஈரம் சொட்டும். தின்னர் ஆவியாகும்போது உடனே அந்த இடம் குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து, சாயம் வெள்ளை பூத்துவிடும். மெதுவாக ஆவியாகும் தின்னர் சேர்த்தால் ஓரளவு தப்பலாம். நான் மழைக்காலத்தில் வெட்டும் வேலையும் ஒட்டும் வேலையும் மட்டும்தான் செய்வேன். காளி பூஜை முடிந்து வறண்ட காற்று அடிக்கத் தொடங்கிய பிறகுதான் ஏர்பிரஷ் வெளியே வரும்.

இத்தனையும் எங்கோ வெளிநாட்டில் பிறந்து இங்கே வந்து ஒட்டிக்கொண்ட பழக்கம் என்று நினைக்க வேண்டாம். இந்த ஊருக்கு இதில் ஒரு வரலாறு இருக்கிறது. கொல்கத்தாவாசிகளிலேயே பலருக்கு அது தெரியாது.

லிவர்பூலில் பின்ஸ் ரோடு என்ற தெருவில் மெக்கானோ நிறுவனத்தின் தொழிற்சாலை இருந்தது. 1934 முதல் டிங்கி டாய்ஸ் என்ற பெயரில் துத்தநாகக் கலவையில் வார்த்த சின்னக் கார்கள் அங்கிருந்து உலகெங்கும் போயின. இன்று உலகம் முழுக்க நிலைத்திருக்கும் 1/43 அளவு அந்த வழியில் வந்ததுதான். ஓ கேஜ் பொம்மை ரயிலுக்கு ஓர் அடிக்கு ஏழு மில்லிமீட்டர் என்று வைத்த கணக்கு, ரயில் நிலையத்துக்கு வெளியே நிறுத்தும் கார்களுக்கும் தொற்றிக்கொண்டது. 1960களின் பிற்பகுதியில் டிங்கி விற்று முடித்த கார்களின் அச்சுகள் பல கல்கத்தாவுக்குக் கப்பலேறின. எஸ். குமார் அண்ட் கோ என்ற நிறுவனம் அவற்றை வைத்து இங்கேயே வார்த்து, ‘நிக்கி டாய்ஸ்’ என்று பெயரிட்டு விற்றது. அடிப்பலகையில் டிங்கி என்ற பெயரை நிக்கி என்று திருத்தினார்கள். அப்படி வார்க்கப்பட்டவற்றில் ஜாகுவார் இ-டைப் உண்டு. 1955, 56, 57 என்று வரிசையாக மூன்று ஆண்டு லு மான் பந்தயத்தை வென்ற ஜாகுவார் டி-டைப்பும் உண்டு. ஓட்டுநரின் தலைக்குப் பின்னால் துடுப்பு எழுந்து நிற்கும் அதே கார். அதே காலத்தை ஒட்டி மில்டன், மாக்ஸ்வெல் என்ற பெயர்களிலும் கல்கத்தாவிலிருந்து வார்ப்புக் கார்கள் வந்தன.

அப்பா நியூ மார்க்கெட்டில் எனக்கு வாங்கித் தந்தது நிக்கி இ-டைப். நான் இத்தொழிலுக்கு வந்ததற்கு அதுவே காரணம் என்று சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

நிக்கி வார்ப்புகளை இன்று உலகெங்கும் சேகரிக்கிறார்கள். ஓரங்களில் பிசிறு இருக்கும், சாயம் கனமாக இருக்கும் என்பது சேகரிப்பவர்கள் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அச்சு செய்தவனுக்கு அதன் காரணம் புரியும். அச்சின் இரு பாதிகளும் பல்லாயிரம் முறை அடித்து அடித்துப் பொருந்துமிடம் தேய்ந்துவிட்டால் உலோகம் அந்த இடுக்கில் கசியும். இங்கே வந்தபோதே அவை உழைத்துக் களைத்த அச்சுகள். அவற்றிலிருந்து இத்தனை கார்களை வார்த்தெடுத்த கைகளை நான் வணங்குகிறேன். நல்ல நிலையில் இருக்கும் நிக்கி காரில் யாரும் கைவைக்கக் கூடாது என்பதும் என் உறுதியான கருத்து. சாயம் முழுக்க உரிந்து, சக்கரம் போய், கண்ணாடி உடைந்து பழைய இரும்புக் கடையில் கிடப்பதை மட்டும் எடுத்துவந்து சீர்செய்வேன். அடிப்பலகை ரிவெட்டைத் துளைத்துக் கழற்றி, பிசிறை அரத்தால் சீவி, மெல்லிய பிரைமர் ஏற்றி, புது ரப்பர் டயர் போட்டால் உள்ளே ஒளிந்திருந்த உருவம் எழுந்து வரும்.

ஆனால் அந்த வரலாற்றில் ஒரு பாதி நம்முடையதாக இருக்கவில்லை. டி-டைப்பின் வளைவைப் பார்த்து, அளந்து, எந்தக் கோட்டை வைத்துக்கொள்வது எதை விடுவது என்று முடிவு செய்து, எஃகில் அச்சு வெட்டிய பாதி லிவர்பூலிலேயே நடந்து முடிந்திருந்தது. நாம் செய்தது வார்ப்பும் பூச்சும். நம் வரிக்கொள்கை இன்றும் கவலைப்படுவது வார்ப்பைப் பற்றித்தான். சரக்கு எங்கே செய்யப்படுகிறது என்று கேட்கிறது. அளக்கத் தெரிந்தவன் எங்கிருந்து வருவான் என்று கேட்பதில்லை.

ஜப்பானில் ஷிசுவோகா என்று ஒரு நகரம். 1946இல் அங்கே தாமியா குடும்பம் தொடங்கியது ஒரு மரக்கடை. பிறகு மரத்தில் கப்பல், விமான மாடல்கள் செய்தார்கள். 1960இல்தான் முதல் பிளாஸ்டிக் கிட். 1976இல் போர்ஷே 934 பந்தயக் காரை 1/12 அளவில் செய்தபோது, சரியான அளவுகளுக்காக ஒரு போர்ஷே 911ஐ விலைக்கு வாங்கி அக்கக்காகக் கழற்றிப் பார்த்தார்கள். நிறுவனத்தை நடத்திய ஷுன்சாகு தாமியா 2025 ஜூலையில் காலமானார். இன்று உலகத்தின் தலைசிறந்த ஸ்போர்ட்ஸ் கார் கிட்டுகளுக்கு அந்த நகரம்தான் முகவரி. மரம் அறுக்கும் கைகள் அந்த ஊரில் முன்பே இருந்தன. அந்தக் கைகளுக்கு அளக்கும் வெறி ஏறியபோது ஒரு தொழில் பிறந்தது.

கைகளுக்கு நமக்கு என்ன குறை? ஹவுராவில் சின்னச் சின்ன வார்ப்படக் கூடங்கள் தெரு முழுக்க இருக்கின்றன. கிருஷ்ணநகரை ஒட்டிய கூர்ணியில் களிமண்ணில் விரல் நீளத்துக்கு ஆள் செய்து, அவன் கழுத்து நரம்பைக்கூடக் காட்டுகிறார்கள். கொல்கத்தாவில் களிமண்ணில் துர்கை சிலைகள் செய்யும் குமார்டுலியைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. ஹூக்ளியின் மேற்குக் கரையில் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 2014 மே மாதம்வரை அம்பாசடர் செய்துகொண்டிருந்தது. பதினைந்து ஆண்டு வயதுக் கட்டுப்பாட்டால் அந்த மஞ்சள் டாக்ஸிகள் ஒவ்வொன்றாகச் சாலையிலிருந்து இறங்கிக்கொண்டிருக்கின்றன. டேப்பையும் காலிப்பரையும் எடுத்துக்கொண்டு போய் அளக்க இதைவிட்டால் வேறு நேரம் கிடையாது.

ஸ்போர்ட்ஸ் கார்தான் வேண்டுமென்றால் தமிழ்நாட்டுக்கு வாருங்கள். போர்க்கால விமான ஓடுதளமான சோழவரத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல்லாண்டுகள் பந்தயம் நடத்தியது. கோயம்புத்தூரில் கரிவரதன், மாருதி இன்ஜினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைத் தாமே கட்டினார். 1995இல் விமான விபத்தில் அவர் மறைந்தார். அவர் பெயரில் ஒரு பந்தயத் தடமே இருக்கிறது. அந்த ஃபார்முலா மாருதி காரின் 1/24 கிட்டை நான் எந்தக் கடையிலும் பார்த்ததில்லை. ஃபெராரியும் போர்ஷேயும் எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கும். கரியின் காரை நம்மைத் தவிர வேறு யார் செய்யப்போகிறார்கள்?

அதைச் செய்யப்போகிறவன், முதலில் வேறு யாரோ நன்றாகச் செய்த கிட் ஒன்றைக் கட்டிப் பார்த்திருக்க வேண்டும். கீழ்வீட்டுப் பையன் ஒருவன், பாலிடெக்னிக்கில் படிக்கிறவன், மாலை நேரங்களில் “ஜேட்டு” (வங்காளத்தில் பெரியப்பா) என்று கூப்பிட்டுக்கொண்டே மாடிக்கு வருவான். அவனிடம் என் பழைய கிட் ஒன்றைக் கொடுத்தேன். சஸ்பென்ஷன் உதிரிகள் பிசகில்லாமல் ஒன்றுக்குள் ஒன்று உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டு, “இதன் அச்சை யார் வெட்டினார்கள்?” என்று கேட்டான். நான் எதிர்பார்த்திருந்த கேள்வி அதுதான். இப்போது அவனே கம்ப்யூட்டரில் சக்கரம் வரைந்து, கல்லூரியில் இருக்கும் ரெசின் பிரின்டரில் அச்சடித்துக் கொண்டுவருகிறான். முப்பரிமாண அச்சு வந்துவிட்டது, இனி கிட் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். இயந்திரம் வரைந்ததை அடிக்கும். எதை வரைவது, உதிரி எங்கே பிரிந்து எங்கே சேர வேண்டும் என்பதை நல்ல கிட்தான் கற்றுக்கொடுக்கிறது. அவன் அடுத்ததாகக் கட்ட விரும்பும் கிட்டின் விலை அவனுடைய பல மாதக் கைச்செலவு.

வசதியுள்ளவர்களின் பொழுதுபோக்குக்கு எதற்குச் சலுகை என்பார்கள். வசதியுள்ளவர்களை இந்த வரி தொடுவதே இல்லை. அண்ணன் சிங்கப்பூரில் இருந்தால் பெட்டி சூட்கேஸில் வந்துவிடும். பேஹாலாவிலும் ஆவடியிலும் இருக்கிற, வெளிநாட்டில் யாரும் இல்லாத பையனைத்தான் இது நிறுத்திவைக்கிறது.

விமான மாடலை அரசே பயிற்சியாக மதிக்கிறது. என்சிசி விமானப் பிரிவு மாணவர்களுக்கு ஏரோமாடலிங் பாடத்திட்டத்திலேயே உண்டு. இறக்கை வைத்தால் பயிற்சி, சக்கரம் வைத்தால் பொம்மை என்பது நியாயமா? ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் உலகத்துக்கே கார் செய்து அனுப்புகிற நாடு, காரின் உருவத்தைக் கையால் கற்றுக்கொள்வதை விளையாட்டு என்று ஒதுக்குவது சரியில்லை. கார் நிறுவனங்களின் வடிவமைப்புக் கூடங்களில் இன்றும் முதலில் களிமண்ணில் மாடல் செய்துதான் பார்க்கிறார்கள்.

இதற்கு நாம் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009ஆம் ஆண்டு பொம்மைப் பாதுகாப்பு விதி, முதல் இணைப்பிலேயே எவை பொம்மை இல்லை என்று பட்டியலிடுகிறது. 14 வயதுக்கு மேற்பட்ட சேகரிப்பாளர்களுக்கு என்று பெட்டியில் தெளிவாக அச்சிட்டிருந்தால், நுணுக்கமான ஸ்கேல் மாடல்களும் அவற்றைக் கட்டும் கிட்டுகளும் அந்தப் பட்டியலில் இடம்பெறுகின்றன. 2021 ஜனவரி 1 முதல் இங்கே நடப்பில் இருக்கும் பொம்மைத் தரக்கட்டுப்பாட்டு ஆணையும் 14 வயதுக்குட்பட்ட குழந்தைகளின் விளையாட்டுப் பொருள்களுக்கானதுதான். கட்டும் கிட் அதில் சேராது என்று வெளிப்படையாக ஒரு வரி எழுதினால் துறைமுக அதிகாரிக்கும் வியாபாரிக்கும் குழப்பம் இருக்காது. சுங்கப் பட்டியலிலும் 9503க்குள் கட்டும் கிட்டுகளுக்கு ஒரு தனி உள்பிரிவு திறந்து, அதற்குப் பழைய 20 சதவீதத்தையோ அதற்கும் குறைவாகவோ வைக்கலாம். கட்டி முடித்த, பெட்டியிலிருந்து எடுத்து ஓட்டும் கார்களுக்கு இப்போதைய வரியே இருக்கட்டும். உள்ளூர்ப் பொம்மைக்காரர் யாருக்கும் இதனால் ஒரு பைசா நஷ்டமில்லை. அவர்கள் செய்யும் பொருளும் இதுவும் ஒரே கடையில் போட்டி போடுவதில்லை.

கொல்கத்தா குருசதய் ரோட்டில் 1959 முதல் இருக்கும் பிர்லா தொழில்நுட்ப அருங்காட்சியகத்தையும், 2015இல் கோவையில் திறந்த ஜி.டி. கார் அருங்காட்சியகத்தையும் கேட்டுக்கொள்கிறேன்: வாரத்தில் ஒருநாள் பாலிடெக்னிக், ஐடிஐ மாணவர்கள் வந்து உங்கள் கார்களை அளக்கவும் வரையவும் இடம் கொடுங்கள். நிக்கி, மில்டன், மாக்ஸ்வெல் கார்களின் அச்சோ பட்டியலோ பெட்டியோ யார் வீட்டுப் பரணிலாவது இருந்தால் அவற்றைப் பழைய சாமான்காரரிடம் போடாதீர்கள், அருங்காட்சியகத்திடம் கொடுங்கள். பட்ஜெட்டுக்கு முன்பு பொதுமக்களின் யோசனைகளை நிதியமைச்சகம் கேட்கும்போது, 9503இல் கிட்டுகளுக்குத் தனிப் பிரிவு வேண்டும் என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள். நானும் எழுதுகிறேன்.